அம்போசெலியில் பார்த்த பெரியவள்

கென்யாவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சிங்கம் பார்த்தீர்களா?" பார்த்தோம். மொத்தம் பதினேழு. அவற்றில் பதினைந்து தூங்கிக்கொண்டிருந்தன. மீதி இரண்டும் நாங்கள் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டன. இப்படிச் சொன்னால் ஏமாற்றம் அடைகிறார்கள். ஆகையால் பார்த்தவற்றை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மருமகனுக்கு நைரோபியில் வேலை. மகள் இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு 74, என் மனைவிக்கு 70. போவதில் எங்களுக்கு இருந்த தயக்கம் பணமோ விமானமோ இல்லை. மனைவியின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். 82 வயது. தாயில்லாத வீட்டில் என் மனைவியை வளர்த்தவர். இப்போது நினைவு தப்பித் தப்பி வருகிறது. நடையும் தளர்ந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு எப்படி என்று மனைவி மறுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அக்காவின் பேத்தி விடுமுறையில் வந்து தங்கிக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் சரி என்றாள். ஆகஸ்டு மாதம், பத்து நாட்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாட்களாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது அவசியம். இன்னொன்று, பாலிதீன் பை. 2017 முதல் கென்யாவில் அதற்குத் தடை. ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றும் நம் வழக்கம் அங்கே செல்லாது. மனைவி எல்லாவற்றையும் டப்பாக்களில் போட்டுக் கல்யாண வீட்டு மஞ்சள் பைகளில் கட்டி எடுத்து வந்தாள்.

சஃபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பயணம் என்றுதான் பொருள். அரபியிலிருந்து வந்த சொல். நம்மூர் உருதுக்காரர்கள் சஃபர் என்பார்களே, அதேதான். அங்கே வண்டிக்கு 'காரி', கடைக்கு 'டுக்கா', சப்பாத்திக்குச் சப்பாத்தியேதான். எங்கள் ஓட்டுநர்தான் வழிகாட்டியும். நாற்பது வயது மாசாய்க்காரர். முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டது என் காதில் 'முசியே' என்று விழுந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரிக்காரனுக்கு அப்படித்தானே விழும்! அது 'ம்ஸே'. பெரியவரே என்று மரியாதையாக அழைப்பது. அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டாவைக்கூட மக்கள் அப்படித்தான் அழைத்தார்களாம். பத்து நாளும் எனக்கு அந்தப் பட்டம் நிலைத்தது.

முதலில் மாசாய் மாரா. நைரோபியிலிருந்து ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இறங்கி ஆறு மணி நேரப் பயணம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் சேர்த்தால் 490 சதுர கிலோமீட்டர். மாரா காப்பகம் மட்டும் 1,510. தெற்கே வேலி எதுவும் இல்லாமல் அது தான்சானியாவின் செரெங்கெட்டியோடு சேர்ந்துகொள்கிறது. அது 14,763 சதுர கிலோமீட்டர். புல்வெளி, நடுநடுவே குடை விரித்தாற்போல வேல மரங்கள், அதற்கு மேல் வானம். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும், மாலை ஆறுக்கு வெளியே வந்துவிட வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கம், வெயில் கொளுத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். அது மேட்டு நிலம். விடியற்காலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் உட்கார முடியாது.

பள்ளியில் லா ஃபோந்தேன் எழுதிய கதைப்பாட்டுகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவற்றில் சிங்கம் அரசன். தர்பார் நடத்தும், தீர்ப்புச் சொல்லும். மாராவில் நான் பார்த்த அரசன் மல்லாந்து கிடந்தான். சிங்கம் ஒரு நாளில் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் ஓய்விலேயே கழிக்கும். வேட்டையில் பெரும்பகுதி பெண் சிங்கங்களின் வேலை. ஆண் சிங்கத்தின் வேலை எல்லையைக் காப்பது. அதற்கும் சில வருடங்கள்தான். இளம் சிங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பழையவனை விரட்டிவிடும். அப்படி விரட்டப்பட்ட ஒன்றைப் பார்த்தோம். பிடரி மயிர் உதிர்ந்து, இடுப்பெலும்பு தெரிய, ஒரு புதரடியில் தனியாகக் கிடந்தது. எங்கள் வண்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்குமா தெரியாது" என்றார் ஓட்டுநர். எருமைகளிலும் அப்படித்தான். வயதான கிடாக்கள் மந்தையை விட்டு விலகி, இரண்டு மூன்றாகச் சேற்றில் கிடக்கின்றன. முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள். முகத்தில் உலகத்தின் மேல் உள்ள கோபம் முழுவதும் இருக்கிறது.

ஒரு பறவையை மட்டும் சொல்லாமல் விட மாட்டேன். ஆங்கிலத்தில் செக்ரட்டரி பேர்டு. நீண்ட கால்கள், முட்டி வரை கறுப்புக் கால்சட்டை, தலைக்குப் பின்னால் செருகிய இறகுகள். பழைய காலத்துக் குமாஸ்தா காதில் செருகிய இறகுப் பேனா போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். புல்லை மிதித்து மிதித்துப் பாம்பைக் கிளப்பி, உதைத்தே கொன்றுவிடும். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எங்கள் இனத்தில் இப்படி ஒரு வீரன் இருந்தான் என்று தெரியாமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு சீட்டா வேட்டையாடுவதைப் பார்த்தோம். சிவிங்கிப்புலி என்கிறோமே, அது. நம் நாட்டிலும் இருந்து, 1952-ல் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் நமீபியாவிலிருந்து மறுபடி கொண்டுவரப்பட்டது. நாங்கள் பார்த்தது மூன்று குட்டிகளின் தாய். புல்லோடு புல்லாக அரை மணி நேரம் ஊர்ந்தது. பிறகு ஓடியது ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு சிறு காசெல் மான் விழுந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஹாரன் அடிக்கச் சொல்லுங்க, அது தப்பிச்சுக்கட்டும்" என்றாள். நான் சொன்னதும் ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்தார். "மான் தப்பினால் அந்த மூன்று குட்டிகளுக்கு யார் சாப்பாடு போடுவது, மாமா?" அந்தத் தாய் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இரண்டு கழுதைப்புலிகள் வந்துவிட்டன. சீட்டா சண்டை போடவில்லை. ஒரு காயம் பட்டால் ஓட முடியாது, ஓட முடியாவிட்டால் குடும்பமே பட்டினி. வாயில் வந்ததை விட்டுவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போயிற்று. அப்போது மனைவி, "ஐயோ, அதுவாவது சாப்பிட்டிருக்கலாமே" என்றாள். ஐந்து நிமிடத்துக்கு முன் மானுக்காக அழுதவள். யார் பக்கம் நிற்பது என்று அங்கே முடிவு செய்ய முடியாது.

மாரா ஆற்றை வில்டபீஸ்டுகள் கடப்பதைப் பார்க்கத்தான் ஆகஸ்டில் உலகமே அங்கே வருகிறது. மாட்டின் உடம்பு, குதிரை வால், ஆட்டுத் தாடி, எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுச் செய்த மாதிரி ஒரு மிருகம். பத்து லட்சத்துக்கும் மேல். கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள். வருடம் முழுவதும் மழையையும் பச்சைப் புல்லையும் பின்தொடர்ந்து செரெங்கெட்டியையும் மாராவையும் வட்டமாகச் சுற்றி வருகின்றன. தெற்கே பிப்ரவரி வாக்கில் கன்று போடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

காலை எட்டு மணியிலிருந்து ஆற்றங்கரையில் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கின்றன. முன்னால் வந்தது நீரை முகர்ந்து பார்த்துப் பின்வாங்குகிறது. பின்னால் இருப்பது முன்னால் வருகிறது, அதுவும் பின்வாங்குகிறது. "என்னங்க, இதுங்க எப்பதான் இறங்கும்?" என்று மனைவி பத்துத் தடவை கேட்டாள். ஓட்டுநரோ, "அவசரம் வேண்டாம், ம்ஸே. இப்போது இறங்கலாம், நாளைக்கு இறங்கலாம், இறங்காமல் திரும்பியும் போகலாம்" என்றார். எனக்கு எங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது. யாராவது ஒருவர் முதல் கையெழுத்தைப் போடும் வரை கோப்பு மேசைக்கு மேசை நகரும். போட்டுவிட்டாரானால் அடுத்த அரை மணியில் எல்லாக் கையெழுத்தும் விழுந்துவிடும்.

பன்னிரண்டரை மணிக்கு ஒன்று குதித்தது. அவ்வளவுதான், கரையே இடிந்து ஆற்றில் விழுந்த மாதிரி எல்லாம் பாய்ந்தன. புழுதி, கத்தல், நீரில் கொம்புகள். முதலைகள் இரண்டு மூன்றைத்தான் பிடித்தன. நெரிசலில் மூழ்கியவை அதைவிட அதிகம். ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் கணக்கெடுத்ததில் அந்த ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேல் மூழ்கிச் சாகின்றனவாம். கழுகுகள், மீன்கள், முதலைகள் எல்லாவற்றுக்கும் அது ஆண்டுச் சாப்பாடு. எலும்புகள் வருடக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கே உரமாகின்றன. இக்கரை ஏறிய ஒரு கன்று தாயைக் காணாமல் கரையோரமாக ஓடி ஓடிக் கத்தியது. அந்தக் கூட்டத்தில் தலைவன் என்று யாரும் இல்லை. ஒன்றுக்காக இன்னொன்று நிற்பதும் இல்லை. தாய் மட்டும் சில சமயம் திரும்பி வரும் என்றார்கள். நாங்கள் இருந்தவரை வரவில்லை.

நைரோபி திரும்பி இரண்டு நாள் ஓய்வு. பிறகு அம்போசெலிக்குப் போனோம். வழியில் மொம்பாசா சாலையை ஒட்டி ரயில் பாதை போகிறது. 1896-லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பழைய பாதையைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 32,000 கூலிகள், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களில் 2,500 பேர் வரை அங்கேயே இறந்துபோனார்கள். 1898-ல் சாவோ என்ற இடத்தில் இரண்டு சிங்கங்கள் கூடாரம் கூடாரமாக வந்து கூலிகளைத் தூக்கிச் சென்றது புகழ்பெற்ற கதை. அவற்றைச் சுட்ட பாட்டர்சன் என்ற பொறியாளர் 135 பேர் செத்ததாகச் சொன்னார். சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்து 2009-ல் சுமார் 35 பேர் என்று மதிப்பிட்டார்கள். எண் எதுவானாலும், அங்கே ஓட்டலில் சப்பாத்தி கிடைக்கும்போது எனக்கு அந்தக் கூலிகளின் ஞாபகம் வந்தது.

அம்போசெலி சிறியது, 392 சதுர கிலோமீட்டர். வறண்ட உப்புப் புழுதி. தென்புறம் தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ. விடியற்காலையில் அரை மணி நேரம் தலை காட்டிவிட்டு மேகத்துக்குள் போய்விடும். அந்த மலையில் இறங்கும் நீர் பூமிக்கடியில் ஊர்ந்து வந்து இந்தப் புழுதிக்கு நடுவே சதுப்பாக மேலே வருகிறது. அந்தப் பச்சைக்காகத்தான் யானைகள் வருகின்றன.

இங்கே 1972-லிருந்து சிந்தியா மோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி யானைகளைக் கவனித்துப் பதிவு செய்யத் தொடங்கினார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பதிவு நடக்கிறது. காதின் கிழிசலையும் நரம்புக் கோடுகளையும் வைத்து ஒவ்வொரு யானைக்கும் தனிக் கோப்பு. ஒரு குமாஸ்தாவாக நான் அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். அதிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது: யானைக் குடும்பம் என்பது பாட்டி, மகள்கள், பேத்திகள். ஆண் பிள்ளைகள் பதினாலு வயது வாக்கில் பிரிந்து போய்விடும். பெண்கள் ஆயுள் முழுவதும் ஒன்றாகவே இருக்கும். மூத்த பெண் முன்னே நடக்கும்.

இதுவரை எனக்கு யானை என்றால் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமிதான். கால் கொலுசும் நெற்றிப் பட்டமுமாக அவள் நிற்பதைப் பார்க்காத புதுச்சேரிக் குழந்தை உண்டா? 2022 நவம்பர் 30 அன்று காலையில் நடைக்குப் போனபோதே விழுந்து இறந்தாள். ஊரே கூடி அழுதது, நாங்களும் போய்க் கண்ணீர் விட்டோம். அவள் தும்பிக்கை நுனியில் விரல் போல ஒன்று இருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. காது பெரிது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு. இந்த வித்தியாசங்களை மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு: "லட்சுமி அவ்வளவு வருஷம் இன்னொரு யானையோட பேசினதே இல்லையா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஊர் முழுக்க அவளை நேசித்தது என்பது மட்டும் உண்மை.

இரண்டாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். பதினொரு யானைகள் சதுப்பை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் நடந்தது மிகவும் வயதானது. கன்னங்கள் குழிந்து, நெற்றியெலும்பு துருத்தி, ஒரு தந்தம் பாதியில் உடைந்து. பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தது. பத்தடி வைக்கும், நிற்கும். அது நிற்கும்போதெல்லாம் பின்னால் வந்த பத்தும் நின்றன. குட்டிகள்கூட முந்திக்கொண்டு ஓடவில்லை. அந்த நூறு மீட்டரைக் கடக்க இருபது நிமிடம் பிடித்தது.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஒன்று தேயத் தேய அடுத்தது பின்னாலிருந்து நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால், அறுபது வயது வாக்கில், முரட்டுப் புல்லை மெல்ல முடியாது. அதனால் வயதானவை சதுப்பின் மெல்லிய தழையைத் தேடி வரும். "இதற்கு இனி இங்கேதான் சாப்பாடு."

மனைவி கேட்டாள்: "சாப்பிடவே முடியாத கிழத்துக்காக இதுங்க எல்லாம் ஏன் நிக்கணும்?" நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதைப் பிறகு நான் படித்தும் பார்த்தேன். 1993-ல் தான்சானியாவின் தரங்கீரே பூங்காவில் கடும் பஞ்சம். பூங்காவைவிட்டு வெளியேறி நீர் தேடிப் போன குடும்பங்களில் குட்டிகள் அதிகம் பிழைத்தன. அவற்றை நடத்திச் சென்றவை வயதான பாட்டிகள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பஞ்சத்தைத் தங்கள் சிறு வயதில் பார்த்தவை அவை என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். அம்போசெலியில் ஒலிபெருக்கியில் சிங்கத்தின் உறுமலைப் போட்டுப் பார்த்தார்கள். உறுமுவது ஆணா பெண்ணா, ஆபத்து எவ்வளவு என்பதை அறுபது வயதைத் தாண்டிய தலைவிகளே நன்றாகக் கண்டுபிடித்தன. பல் போனாலும் அந்தத் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது.

"வரைபடமும் மறந்துபோனால்?" என்றாள் மனைவி. அவள் யாரை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஓட்டுநருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நிற்க முடிகிறவரை நிற்பார்கள், மாமா. பிறகு குட்டிகளுக்குத் தண்ணீர் வேண்டுமே, போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த எலும்பு கிடக்கும் இடத்துக்கு வந்தால் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்" என்றார். 'மாமா' என்றால் சுவாஹிலியில் அம்மா. மூன்று நாட்களாக அப்படித்தான் கூப்பிட்டார். அன்று மாலை அக்காவோடு வீடியோ அழைப்பில் மனைவி வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள்.

இந்த யானைகள் எஞ்சியதும் தற்செயலாக இல்லை. 1977-ல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. ஆனாலும் தந்தத் திருட்டில் 1989 வாக்கில் நாட்டில் சுமார் 16,000 யானைகளே மிஞ்சின. அந்த ஆண்டு ஜனாதிபதி டேனியல் அராப் மோய் பறிமுதல் செய்த 12 டன் தந்தத்தை நைரோபி தேசியப் பூங்காவில் வைத்துத் தீ மூட்டினார். அந்த ஆண்டே தந்த வணிகத்துக்கு உலகத் தடையும் முடிவாயிற்று. 2021 கணக்கெடுப்பில் 36,280 யானைகள். எண்ணிக்கை ஏறியதால் புதுச் சிக்கலும் உண்டு. பூங்காவுக்கு வெளியே வேலி, தக்காளித் தோட்டம், மாசாய்களின் மாடுகள். பஞ்சம் வந்தால் மாட்டுக்கும் யானைக்கும் ஒரே தண்ணீர். ஓட்டுநரின் சித்தப்பா பயிரை யானை ஒரே இரவில் தின்றுவிட்டதாம். "பார்க்க வருகிறவர்களுக்கு யானை அழகு, பக்கத்தில் குடியிருப்பவனுக்கு அது செலவு. அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தால்தான் யானை இருக்கும்" என்றார். பூங்காக் கட்டணம் அதிகம் என்று முனகிக்கொண்டிருந்த நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் மனைவி செய்த முதல் வேலை அந்தப் பதினொரு யானைகளின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அக்காவின் கட்டிலுக்கு எதிரே ஒட்டியது. அக்கா தினமும் அதைப் புதிதாகப் பார்க்கிறார். தினமும் முன்னால் நிற்பதைக் காட்டி, "இவ யாரு, பெரியவளா?" என்று கேட்கிறார். "ஆமா, பெரியவதான்" என்கிறாள் இவள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் வில்டபீஸ்டுகள் இருக்கும். யானை பார்க்க மட்டுமென்றால் மழையில்லாத எந்த மாதமும் அம்போசெலி நல்லது. வண்டியிலிருந்து இறங்க அனுமதி இல்லை, ஆகவே நடக்க முடியாதவர்களும் தாராளமாகப் போகலாம். ஆனால் சாலைகள் இடுப்பை உலுக்கிவிடும். நடு இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், பின் இருக்கை வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்துக் கைப்பையிலும் பெட்டியிலும் வையுங்கள். தொலைநோக்கி ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் சிங்கம் எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் கணவன் மனைவிக்குள் சண்டை வரும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.